ஆம்பூரில் வாங்கிய 'குரோம் இல்லாத' செருப்பு: எட்டு மாதம் போட்டு நடந்த பிறகு

முதலில் செருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் பாலாற்றுக்குள் இறங்கிவிடுவேன், இறங்கினால் சீக்கிரம் கரையேற மாட்டேன் என்று வீட்டிலேயே எனக்குப் பெயர் இருக்கிறது.

விலை 2,290 ரூபாய். ஆண்களுக்கான இரண்டு வார் செருப்பு, பின்னால் பக்கிள் கிடையாது, காலை நுழைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். வாங்கும்போது வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது, இப்போது பழம்புளி நிறத்துக்கு வந்துவிட்டது. அடியில் ரப்பர், அதன்மேல் பாதம் படுகிற இடத்தில் தடிமனான தோல். போன அக்டோபரில் வாங்கினேன், ஒரு மழைக்காலத்தையும் ஒரு வேலூர் கத்திரியையும் பார்த்துவிட்டது. செருப்புக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். செருப்போடு சேர்த்து விற்ற பேச்சுக்கு ஐந்துக்கு ஒன்றரை. கூட்டிக் கழித்து நீங்களே ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கப் போன காரணம் என் மகள். எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஏதோ சுற்றுச்சூழல் புராஜெக்ட், 'உங்கள் ஊர் ஆறு' என்று தலைப்பு. வேலூரில் இருக்கிறவளுக்கு ஊர் ஆறு பாலாறுதான், அது அவளுக்குத் தெரிந்தவரை பாலத்தின் மேலே பஸ்ஸில் போகும்போது கீழே தெரிகிற மணலும் முள்செடியும். செல்போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு ஒருநாள் ராத்திரி வந்து, "அப்பா, உன் செருப்புல குரோமியம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கும்மா, தோலைப் பதனிடக் குரோமிய உப்புதான் போடுகிறார்கள் என்றேன். "அப்ப நீயும்தான் ஆத்தை கெடுத்த" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான் படிக்கும் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையும் இல்லை, கேட்கச் சொல்லித் தருகிற வாத்தியாரும் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய வீட்டு அடுப்பு தோல் பதனிடுகிற டேனரிச் சம்பளத்தில்தான் எரிந்தது, யார் கேட்பது?

என் வீடும் அப்படித்தான், அதை மறைக்கவில்லை. இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், சொந்த ஊர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். நைனாவுக்கு ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும். அக்கா இருபது வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள், அவள் சம்பளத்தில்தான் நான் டிகிரி முடித்தேன். அதனால் தோல் என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள் நான் இல்லை. செருப்பு வேண்டும், ரெக்சின் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வேர்த்துக் கொப்புளம் வரும். மகளிடமும் நல்ல பேர் வாங்க வேண்டும். அப்போதுதான் ஒரு வீடியோவில் இந்தக் கடையைப் பார்த்தேன்.

கடை ஆம்பூர் பைபாஸிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். முன்பக்கம் மற்றக் கடைகளில் இருப்பதுதான், ஏற்றுமதியில் மிஞ்சியது, ரிஜெக்ட் ஆனது, ஒரு கால் ஒன்பது இன்னொரு கால் ஒன்பதரை என்று ஷூக்கள் குவியலாகக் கிடக்கும். பின்பக்கம் தனி அலமாரி. மஞ்சள் விளக்கு, பக்கத்தில் ஒரு மண்சட்டியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு அட்டை தொங்குகிறது, பச்சை இலைப் படம், 'குரோம் இல்லை, ஆற்றுக்கு நண்பன்' என்று. கடைக்காரர் நடுத்தர வயது, நல்ல பேச்சுக்காரர்.

"சார், இது நம்ம தாத்தா காலத்து பதம். ஆவாரம்பட்டை, கடுக்காய், அவ்ளோதான். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்வாங்கல்ல, அந்த ஆவாரை. இதுல இருந்து வர்ற தண்ணிய செடிக்கே ஊத்தலாம்."

"ஊத்துனா செடி பொழைக்குமா பாய்?"

சிரித்தார். ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார், மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். (அட்டையில் போட்டது 2,340.) பில் கேட்டால் எழுதித் தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை.

சரி, செருப்பு. முதல் பத்து நாள் கடிக்கும். கட்டைவிரல் பக்கத்து வார் நன்றாகவே கடித்தது, இரண்டு நாள் பிளாஸ்திரி போட்டேன். மரப்பட்டையில் பதப்பட்ட தோல் விறைப்பாகத்தான் இருக்கும், கால் சூட்டுக்கும் வேர்வைக்கும் மெல்ல மெல்ல இளகும். தேங்காய் எண்ணெய் துணியில் தொட்டு லேசாகத் தடவினால் சீக்கிரம் வழிக்கு வருகிறது, நிறமும் கொஞ்சம் கறுக்கும். மூன்றாம் வாரத்தில் என் கால் அச்சு அப்படியே பதிந்துவிட்டது, இப்போது வேறு யார் போட்டாலும் அவர்களுக்கு அது அந்நியமாகத்தான் இருக்கும். வெயில் நேரத்தில் பாதம் வேகவில்லை, நாற்றமும் இல்லை, அது பெரிய விஷயம். மே மாதம் வேலூரில் ரெக்சின் செருப்போடு நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு எச்சரிக்கை: ஈரமாக இருக்கும்போது இரும்பில் படவிடாதீர்கள். மழையில் நனைந்ததை ஒருநாள் துருப்பிடித்த கிரில் கேட்டின்மேல் காயப்போட்டேன், கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு. பட்டையில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மசி, அந்தக் காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் செய்வார்களாம். கோடு இன்னும் போகவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தோஷம், ஏனென்றால் கடைக்காரர் சொன்னதில் பாதியாவது உண்மை என்று அதில் தெரிந்தது. குரோம் தோல் இப்படிக் கறுக்காது.

மீதிப் பாதி பொய் என்று கண்டுபிடித்தது அக்கா. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் கழற்றி வைத்திருந்தேன். எடுத்தாள், வாரை மடக்கி வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தாள், ஐந்து விநாடிகூட ஆகவில்லை. "மேல் தோல் பட்டைதான்டா, லைனிங் குரோம்" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்றால், வாருக்கு அடியில் காலில் படுகிற பக்கம் ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது, மேல்பக்கம் சாயம் அடித்திருப்பதால் ஒரே நிறமாகத் தெரியும். ஓரத்தைப் பார்த்தால்தான் உள்ளே சாம்பல் கலந்த நீலம். பட்டையில் பதனிட்டது என்றால் உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். கடையில் நின்றபடியே நீங்களும் பார்த்துவிடலாம், செலவே இல்லாத சோதனை. நெருப்பில் காட்டிப் பார் என்று சில வீடியோவில் சொல்கிறார்கள், அதை மட்டும் செய்ய வேண்டாம், குரோம் தோலை எரித்தால் வருவது இன்னும் மோசமான சமாச்சாரம்.

அடுத்த முறை போனபோது கேட்டேன். "லைனிங் மட்டும்தான் சார், அது மெலிசா பட்டைல கிடைக்கிறது கஷ்டம்" என்றார் கூச்சமே இல்லாமல். அப்படியானால் அட்டையில் அதை எழுத வேண்டியதுதானே என்றேன். அட்டையில் இடம் இல்லையாம். இலைப் படத்துக்கு இடம் இருக்கிறது.

இதுவரைக்கும் வந்திருந்தால் இது சாதாரண ஏமாற்று, ஒரு ஸ்டார் குறைத்துவிட்டுப் போயிருப்பேன். எனக்கு உறைத்தது வேறொன்று, அது அதே பொங்கலில் கிணற்றடியில் நடந்தது.

செருப்பில் சாணி பட்டுவிட்டது என்று கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் துடைத்து நிழலில் வைத்தேன். காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு விளிம்பு, கருவாட்டுமேல் பூத்த மாதிரி. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (என் மனைவி இதைப் படிக்கக் கூடாது). உப்பு. மகளுடைய புராஜெக்டுக்காக முந்நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற ஒரு டிடிஎஸ் பேனா வாங்கியிருந்தோம், அதை விட்டுப் பார்த்தால் 2,600 சொச்சம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எங்கள் கிணறு பொறுத்துக்கொள்ளும் எல்லையையும் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கிறது. சத்துவாச்சாரி வீட்டுக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிற காவிரித் தண்ணீர். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம் என்பது இப்போது யாருக்கும் விசித்திரமாகக்கூடப் படுவதில்லை.

நைனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "குரோமா நம்ம தென்னையைக் கொன்னுது? உப்புடா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், அதில் எல்லாமே இருந்தது. டேனரிக்கு வருகிற பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும், தோல் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூட. அடுத்து ஊறவைக்கும்போது அத்தனை உப்பும் தண்ணீரில் இறங்கும். அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு, முடி எடுப்பது, ஜவ்வு சீவுவது, அதெல்லாம் முடிந்த பிறகுதான் குரோமா ஆவாரம்பட்டையா என்கிற கேள்வியே வரும். ஆக, பட்டை என்றாலும் குரோம் என்றாலும் முதல் தொட்டியில் இறங்குகிற உப்பு ஒரே உப்பு. குரோமியத்தையாவது சுண்ணாம்போ வேறு காரமோ போட்டு அடியில் படியவைக்கலாம், திரும்ப எடுத்து உபயோகிக்கவும் செய்கிறார்கள். உப்பு அப்படிப் படியாது, சாதாரணச் சுத்திகரிப்பில் அது பாட்டுக்கு நுழைந்து வெளியே வந்துவிடும். அதை நிறுத்த ஆர்.ஓ. வேண்டும், ஆர்.ஓ.வில் மிஞ்சுகிற கழிவைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும், வற்றவைத்தால் மூட்டை மூட்டையாகக் கலப்பட உப்பு மிஞ்சும், அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அதற்கு ஒரு கொட்டகை. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லா இடத்திலும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, கழிவுநீர் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்பது விதி. இருந்தும் மழை வலுக்கிற ராத்திரிகளில் ஆம்பூர்ப் பக்கத்துப் பாலத்துக்கடியில் வெள்ளை நுரை எங்கிருந்து வருகிறது என்று மழையைத்தான் கேட்க வேண்டும்.

பட்டைக் கழிவும் செடிக்கு ஊற்றுகிற கஷாயம் இல்லை. கருஞ்சிவப்பாக இருக்கும், லேசில் மக்காது, தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். விஷம் குறைவு என்பது சரி. 'ஆற்றுக்கு நண்பன்' என்பது எந்தக் கணக்கில் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தாத்தா காலத்துப் பதம்' என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், அது காணாமல் போன கதைதான் யாருக்கும் தெரிவதில்லை. இந்தப் பக்கமெல்லாம் ஆவாரம்பட்டையில் அரைகுறையாகப் பதனிட்டுக் கப்பலேற்றிய காலம் நெடுங்காலம் இருந்தது, அதற்கு ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று பெயர், இப்போது புவிசார் குறியீடுகூட இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுசாக முடித்து அனுப்பு, அப்போதுதான் அந்நியச் செலாவணி கூடும் என்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. பட்டை என்றால் வாரக்கணக்கில் ஊற வேண்டும், குரோம் என்றால் டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாள். எல்லாரும் குரோமுக்குப் போனார்கள், டேனரிகள் பெருகின, வேலை பெருகியது, அக்காவுக்கும் அப்படித்தான் வேலை கிடைத்தது. யாரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாத இடம் இது, அதுதான் சிக்கல்.

எங்கள் கிணறு எந்த வருஷம் கெட்டது என்று நைனாவுக்கு நாள் கணக்கில் தெரியாது. முதலில் நெல் சாவியாகப் போனது, அப்புறம் பருப்பு வேகவில்லை என்று அம்மா கத்தினாள், அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. அதுவரைக்கும் ஆற்று மணலில் ஒரு முழம் தோண்டினால் ஊற்று, குடத்தில் மொண்டு தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில நாள்தான், மற்ற நாளில் அது மணலுக்குள்ளே ஓடும். மேலே போட்டது கீழே இறங்கும் என்பதை நாங்கள் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, நாக்கில் தெரிந்துகொண்டோம்.

கேட்டவர்களும் இருந்தார்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நம்மவர்களுக்கு வேலூர் என்றால் கோட்டை, சி.எம்.சி., வெயில், இந்தியா முழுக்கச் சட்டம் படிக்கிறவர்களுக்கு வேலூர் என்றால் இந்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவன்தான் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று. டேனரிக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்க ஒரு ஆணையம். ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. என் செருப்பில் தோல் கண்பார்வைக்கு முந்நூறு கிராம் இருக்கும் என்று வைத்தால் பத்து லிட்டருக்கு மேல், முக்கால் குடம். காலில் ஒரு குடத்தை மாட்டிக்கொண்டு நடக்கிறேன்.

ஆணையம் 2001இல் முடிவு சொன்னது: அப்போதைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29 ஆயிரத்துச் சொச்சம், தர வேண்டிய நஷ்ட ஈடு 26 கோடி ரூபாய்க்கு மேல். அதன்பிறகும் வழக்கு மேலே போய்க் கீழே வந்து, 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, மிச்சம் இருக்கிறவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடு, ஆற்றைச் சரிசெய்யக் குழு போடு, சரியாகும் வரைக்கும் கெடுத்தவர்கள் பொறுப்புதான் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்த 26 கோடிச் சொச்சத்தைப் பேர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரத்து இருநூறுகூட வராது.

இந்தச் செருப்பில் நாலு ஜோடி.

(ராணிப்பேட்டை கதை வேறு, அதற்குள் இப்போது போகவில்லை. சிப்காட்டில் 1995இல் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மலை, உலகிலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்று என்று 2006இல் ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டது, 2015 ஜனவரியில் அங்கே டேனரிகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தது. அந்தக் கழிவு மலையில் கிடப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வகை. டேனரியில் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்டது, அந்த அளவு கொடியது இல்லை. இரண்டையும் குழப்பித்தான் பாதி வீடியோக்கள் ஓடுகின்றன.)

விழிப்புணர்வு வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், வந்துதான் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த இலைப் படத்துக்கு விற்பனை இருக்காது. ஆனால் வந்த வழியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அக்கா கம்பெனியில் சோதனை என்றால் எல்லாரும் நடுங்குவார்கள், எதற்கு? ஜெர்மனிக்காரன் ஒரு பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தான், அடுத்து சில சாயங்களைத் தடை செய்தான், 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வந்தது. எல்லாம் போடுகிறவன் பாதத்துக்காக. ஷூ பரிசோதனையில் தேறிவிடும், ஷூ செய்த தண்ணீர் எங்கே போனது என்று ஷூவில் எழுதியிருக்காது. டேனரியையே தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிற லெதர் ஒர்க்கிங் குரூப் மாதிரி ஏற்பாடுகள் 2005க்கு அப்புறம்தான் வந்தன, அதுவும் பெரிய பிராண்டு கேட்டால்தான் நடக்கும். நம்மூர்க் கடையில் நாம் கேட்பதில்லை. நானும் 'குரோம் இருக்கா' என்றுதானே கேட்டேன். உப்பு எங்கே போகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் முறை போனபோது அதையும் கேட்டேன். தோல் எந்த டேனரியிலிருந்து வருகிறது, அவர்கள் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்ந்தவர்கள்? பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சார், செருப்பு வாங்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?" நல்ல பதில்தான், சிரித்துவிட்டேன், ஆனால் இன்றுவரை விடை வரவில்லை. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948லிருந்து இருக்கிறது, உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பது, தண்ணீர் சேர்க்காமலே குரோம் ஏற்றுவது என்று அவர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதை எந்தக் கடை அட்டையிலும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரு டேனரி அதைச் செய்து, அதை அட்டையில் எழுதினால், குரோம் தோலாக இருந்தாலும் அந்தச் செருப்பை நான் வாங்குவேன், ஐநூறு கூட வைத்தாலும் வாங்குவேன்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கும். பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம், வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. ஊரே பாலத்தின்மேல், கற்பூரம் ஏற்றிப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். நைனா கரையோரம் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிக்குதுடா" என்றார். அடுத்த ஐந்தாறு மாதம் எங்கள் கிணற்றிலும் உப்பு குறைந்துதான் இருந்தது, கொத்தமல்லி போட்டோம், வந்தது. அப்புறம் பழையபடி. இதை ஏன் செருப்பு விமர்சனத்தில் சொல்கிறேன் என்றால், தண்ணீர் வந்தால் அந்த மண் திரும்பும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால்தான் இலைப் படத்தைப் பார்த்தால் இவ்வளவு கோபம் வருகிறது.

சர்வீஸ் பற்றி. நாலாம் மாதம் இடது கால் அடிப்பாகம் முன்னால் வாய் திறந்தது. அட்டையில் ஆறு மாத உத்தரவாதம். முதல் தடவை போனபோது தைக்கிறவர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போய் வந்தவனுக்கு ஒரு டீயாவது கொடுத்திருக்கலாம். இரண்டாம் தடவை காசு வாங்காமல் நன்றாகவே தைத்துக் கொடுத்தார்கள், பசையோடு விடாமல் சுற்றிலும் நூல் ஓட்டினார்கள், இப்போது கல் மாதிரி நிற்கிறது. முதலிலேயே அப்படித் தைத்திருக்கலாம். தைத்தவர் எழுபது வயது இருக்கும், வார் ஓரத்தை மெழுகு போட்டுத் தேய்த்து என் பழைய கீறலையும் சரிசெய்துவிட்டார், யாரும் கேட்கவில்லை, அவராகவே. அந்தக் கைக்குத்தான் நான் கொடுத்த நாலு.

வாங்கலாமா? கால் வேர்க்கிறவர்கள், தினம் நடக்கிறவர்கள், கடிக்கிற பத்து நாளைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் வாங்கலாம். 2,290க்கு எனக்கு இன்னும் மூன்று வருஷமாவது வரும். மழையில் தினமும் நனைகிற வேலை என்றால் வேண்டாம். ஆற்றுக்காக வாங்குகிறேன் என்றால் அந்தக் காசில் பழைய செருப்புக்கு அடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நூற்றைம்பது ரூபாய்க்கு மாற்றித் தருகிறார்கள், புதுத் தோலுக்கு வேலையே இல்லை. மகளிடம் இந்த யோசனையைச் சொன்னேன், புராஜெக்டில் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டாள், பழைய செருப்பின் படமும் வரைந்திருந்தாள்.

போவதாக இருந்தால்: எப்போதும் போடுகிற சைஸை விட ஒன்று கூட்டி எடுங்கள், வாருக்கு அடியில் ஓரத்தை மடக்கிப் பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை கடை அடைப்பு, அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பக்கத்துத் தெருவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கத்திரிக்காய் பச்சடி இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் வைப்பார்கள். அந்த முதியவர் செவ்வாயும் சனியும்தான் வருகிறார்.